பின்வாசல் பாஷை

1931 அக்டோபர் 8, வியாழக்கிழமை. விடிந்ததும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, கத்தரிக்கோல், இடுக்கி, ரப்பர் குழாய், தொப்புள்கொடி கட்டும் நூல் எல்லாவற்றையும் கொதிக்கவைத்தேன். அவை கொதிக்கும் நேரத்தில் காபி குடித்தேன். பிறகு பையை அடுக்கினேன். அடியில் லைசால் புட்டியும் பஞ்சும், நடுவில் ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாயும், மேலே வெப்பமானியும் வயிற்றில் வைத்துக் குழந்தையின் நெஞ்சொலி கேட்கும் மரக்குழலும். இந்த வரிசையை அதுவரை நான் ஒருநாளும் மாற்றியதில்லை. ஏழு மணிக்கு ஜட்கா வந்தது.

ஆம்பூரில் நான் பயிற்சி பெற்ற மருத்துவச்சியாக வேலை பார்த்த காலம் அது. ஊரில் எல்லாரும் நர்ஸம்மா என்பார்கள். நான் குடியாத்தத்துக்காரி. எங்கள் வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி தெலுங்கில் பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ், சென்னையில் பிரசவ வேலை கற்றபோது இங்கிலீஷ். உருதுவை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. திரைக்குப் பின்னால் பிள்ளை பெற்ற பெண்களிடமிருந்து கேட்டுக் கேட்டு வந்தது. அதனால் என் உருதுவில் வலி, ரத்தம், பால், பசி, தூக்கம் போன்ற சொற்கள் தாராளமாக உண்டு. மற்றவை கம்மி.

அன்றைக்கு மூன்று வீடுகள். முதல் வீடு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவருடையது, தமிழ். இரண்டாவது தெலுங்கு. மூன்றாவது மசூதித் தெருவின் பெரிய வீடு, உருது. வண்டி ஏறும்போதே அன்றைய வரிசையை மனத்தில் சொல்லிக்கொள்வேன். ஒரு வீட்டின் பாஷையை அடுத்த வீட்டு வாசலில் மறந்துபோய்ப் பேசிவிட்டால் அந்த வீட்டார் முகம் மாறும்.

ஜட்காக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் எல்லாவற்றையும் ஒன்றாகவே பேசுவார்.

"இன்னா நர்ஸம்மா, இன்னிக்கு மூட்டை ஜாஸ்தியா கீது? குதுர பேஜார் பண்ணுது, பாரு."

"மூட்டை எப்பவும் இதேதான். உங்க குதிரைதான் நேத்தைக்கும் இப்படியே நின்னுச்சு."

"இத்த பலமநேர் சந்தைல வாங்கினேம்மா. உருதுல கெஞ்சினா நிக்கும். தமிழ்ல திட்டினா திரும்பிப் பாக்கும். தெலுங்குல சொன்னாதான் நடக்கும்." அவர் முன்னால் குனிந்து அதன் காதருகே, "பதா, பதா" என்றார். குதிரை நடந்தது. "பாத்தியா? அதுக்கும் தாய் பாஷ கீது."

தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்து தெருவை அடைத்திருந்ததால், முதல் இரண்டு வீடுகளை முடித்து மூன்றாவது வீட்டுக்குப் போய்ச்சேரப் பத்தரை ஆகிவிட்டது.

அந்த வீட்டுக்கு இரண்டு வாசல்கள். இரண்டையும் சொல்லிவிட்டால்தான் அன்று நடந்தது விளங்கும். தெருவாசலில் உருது. தோல் வியாபாரிகளும் உறவினரும் அதன் வழியாகத்தான் வருவார்கள். சமையற்கட்டைத் தாண்டி, பின்சந்துப் பக்கம் பார்த்த பின்வாசலில் தமிழ். பால்காரர், தண்ணீர் கொண்டுவருபவள், மீன்காரி, வண்ணார் எல்லாரும் அங்கேதான். வீட்டின் எஜமானி இரண்டு வாசலிலும் பேசுவார். ஆனால் பின்வாசல் தமிழ் சமையற்கட்டைத் தாண்டி உள்ளே வராது. யாரும் எழுதிவைத்த சட்டமல்ல. செருப்பை வெளியே விடுவதைப் போல அதுவும் ஒரு வழக்கம். உள்ளறையில் ஒரு பெண்ணிடம் தமிழில் பேசினால் அவளை வேலைக்காரியாக நினைத்ததாக அர்த்தம்.

எஜமானியை ஊரே பெரீம்மா என்றது. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உயரமானவர், சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பார். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் அந்த வாரம் சென்னையில், பெரியமேட்டில், தோல் ஏலத்துக்குப் போயிருந்தார். சனிக்கிழமைதான் திரும்புவார். ஆக அன்று அந்த வீட்டில் முடிவு சொல்லக்கூடியவர் பெரீம்மா ஒருவர்தான்.

மருமகளுக்குப் பதினெட்டு வயது. எட்டாம் மாதம், முதல் கர்ப்பம். தெற்கே கடலோர ஊரில் பிறந்தவள். அவர்களும் முஸ்லிம்கள்தான், ஆனால் வீட்டுப் பேச்சு தமிழ். இரு குடும்பத்துக்கும் பெரியமேட்டில் வியாபாரப் பழக்கம், அதில் முடிந்த சம்பந்தம். தாய் இல்லை. தகப்பன் பினாங்கில். தாய்வீட்டுக்கு அழைத்துப்போக ஆள் இல்லாததால் பிரசவம் இங்கேயே என்று முடிவாகியிருந்தது. அவள் வந்ததிலிருந்து பெரீம்மா அவளிடம் உருது தவிர வேறு பேசவில்லை. வேலைக்காரிகளுக்கும் அவளிடம் தமிழ் பேசக்கூடாது என்று உத்தரவு. தமிழைக் கேட்காமல் இருந்தால் ஆறு மாதத்தில் உருது தானாக வந்துவிடும் என்று பெரீம்மா என்னிடமே சொல்லியிருக்கிறார்.

நான் அதற்கு முன் இரண்டு முறை அவளைப் பார்த்திருந்தேன். முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, எதைக் கேட்டாலும் "ஜீ" என்பாள். மரியாதையான ‘ஆமாம்’; அந்த ஊரில் புது மருமகள் பெரியவர்களுக்குச் சொல்லும் ஒரே பதில் அது. அடக்கமான பெண் என்று குறித்துக்கொண்டேன்.

அன்று உள்ளே போனதும் அவள் கைவிரலைத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. முகம் ஊதியிருந்தது. கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்து, நெடுநேரம் மேலே வரவில்லை.

"கால் வீங்குவது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றார் பெரீம்மா. அவர் உருதுவில் சொன்னதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அதனால் அது அச்சுப் புத்தகப் பேச்சாகத் தெரியும்.

"காலுக்குச் சரி. விரலுக்கும் முகத்துக்கும் வரக்கூடாது" என்று உருதுவில் சொல்லிவிட்டு, சிறுநீர் வேண்டும் என்றேன். வேலைக்காரி கிண்ணத்தில் கொண்டுவந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்பிரிட் விளக்கை ஏற்றிக் குழாயைக் காட்டினேன். கொதித்ததும் மேற்பாதி வெளுத்தது. இரண்டு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டேன். வெளுப்பு கரையவில்லை. ஆனாலும் அது கெட்டியான வெளுப்பு அல்ல. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் போலத்தான் இருந்தது.

இந்த மாதிரி வீக்கத்தைப் பற்றி வேலூர் டாக்டரம்மா எங்களுக்கு ஒரு விதி சொல்லியிருந்தார். வெளுப்பு மட்டும் இருந்தால் படுக்கவைத்துப் பாலும் கஞ்சியும் கொடுத்துக் காத்திருக்கலாம். வெளுப்புடன் தலைவலியும், கண்ணில் பொறி பறப்பதும், பார்வை மங்குவதும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து வருவது ஜன்னி. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், நாக்கைக் கடித்துக்கொள்வாள், நினைவு திரும்பாமலே போகலாம். பிள்ளையும் போகும். நான் இரண்டு பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே எல்லாம் இரண்டு மூன்று கேள்விகளில் வந்து நின்றது. அதை அவள்தான் சொல்ல வேண்டும். தலைவலியை வெளியிலிருந்து பார்க்கும் கருவி எதுவும் என் பையில் இல்லை.

கட்டிலருகே குனிந்து, "சர் துக்ரா க்யா?" என்றேன். தலை வலிக்கிறதா என்று.

"ஜீ."

பெரீம்மா குறுக்கிட்டார். "இருக்காது. காலையில் நான் கேட்டேனே. வலி எதுவும் இல்லையே மகளே என்றேன். ஜீ என்றாள்."

நான் மறுபடி, இந்த முறை மாற்றிக் கேட்டேன். தலைவலி இல்லைதானே?

"ஜீ."

கண் நன்றாகத் தெரிகிறதா? ஜீ. கண் மங்கலாக இருக்கிறதா? ஜீ.

ஜன்னல் வழியே முற்றத்தில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி காய்ந்து விறைத்திருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தபடி நிதானமாகக் கேட்டேன்: வெளியே மழை பெய்கிறதா?

"ஜீ" என்றாள், தலையைக் குனிந்து.

பெரீம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"விளையாட்டா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"விளையாட்டு இல்லை பெரீம்மா. நாம் கேட்பதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் மரியாதையை மட்டும் பதிலாகக் கொடுக்கிறாள்."

நான் அவளிடம் திரும்பித் தமிழில் கேட்டேன். "பயப்படாதம்மா. தலை வலிக்குதா? கண்ணுல மின்னுற மாதிரி இருக்குதா?"

அவள் கண்கள் சட்டென்று உயர்ந்தன. ஊர்க்காரரைத் தூரத்தில் கண்டவள் போல ஒரு நொடி என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. பிறகு பார்வை என்னைத் தாண்டி மாமியாரிடம் போயிற்று. வாய் மூடியது. திறந்தபோது வந்தது:

"ஜீ."

பாஷைதான் பூட்டு என்று நினைத்திருந்தேன். அதைத் திறந்தும் கதவு திறக்கவில்லை.

பெரீம்மா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "நர்ஸ், இது பால் வாங்கும் இடமல்ல. என் மருமகள் தண்ணீர் தூக்குகிறவள் அல்ல. இதற்கு முன் வந்த மருத்துவச்சியை ஏன் இந்தத் தெருவில் யாரும் கூப்பிடுவதில்லை என்று உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அவள் வேறு ஊருக்கே போய்விட்டாள்.

"சனிக்கிழமை என் மகன் வரட்டும். அவன் சொன்னால் வேலூர். அதுவரை பாலும் கஞ்சியும் கொடுக்கிறேன்" என்றார்.

"சனிக்கிழமைவரை தாங்கும் என்றால் நானே காத்திருக்கச் சொல்வேன். தாங்குமா தாங்காதா என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் கேட்டால் சொல்லமாட்டாள். உங்களைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்கிறாள். நீங்கள் கேளுங்கள்."

"மூன்று வேளையும் கேட்கிறேன்."

"தமிழில் கேளுங்கள்."

அவர் முகம் சிவந்தது. எனக்கு விடை கொடுத்து அனுப்பப்போகிறார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் ஊதிய விரலைப் பார்த்தார். பிறகு, முன்னைவிடத் தாழ்ந்த குரலில் உருதுவிலேயே சொன்னார்: "இந்த அறைக்குள் எனக்கு அது வராது. நாற்பது வருஷமாக வந்ததில்லை. நாக்கு எழும்பாது."

அது கோபத்தில் சொன்னதல்ல. உண்மையாகவே முடியாத ஒன்றைச் சொல்லும் குரல். அதனால்தான் எனக்கு அடுத்த வார்த்தை வந்தது என்று நினைக்கிறேன்.

"அப்படியானால் இவளைப் பின்வாசலுக்குக் கூட்டிப் போவோம்" என்றேன்.

அவர் என்னை அடித்துவிடுவார் போலப் பார்த்தார். வீட்டு மருமகளைப் பால்காரர் நிற்கும் வாசலுக்கு! வெளியே ஜட்காக் குதிரை கனைத்தது. கட்டிலில் இருந்தவள் நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, நாங்கள் பார்ப்பது தெரிந்ததும் கையைக் கீழே போட்டாள். பெரீம்மாவும் அதைப் பார்த்தார்.

அவர் வேலைக்காரிகளை முற்றத்துக்குப் போகச் சொன்னார். பிறகு தானே மருமகளின் கையைப் பிடித்து எழுப்பினார். நான் மறுபக்கம் தாங்கிக்கொண்டேன். கூடம், நடை, சமையற்கட்டு. அந்தப் பெண்ணுக்கு எங்கே கொண்டுபோகிறோம் என்று தெரியவில்லை. ஏதோ தண்டனை என்றே நினைத்திருப்பாள். அவள் கை சில்லிட்டிருந்தது. வழியில் விழுந்து உடம்பு வெட்டத் தொடங்கினால் என்ன செய்வது என்று நான் ஒவ்வொரு அடியிலும் யோசித்துக்கொண்டு வந்தேன். சமையற்கட்டில் கிடந்த ஒரு மரக்கரண்டியைக் கண் குறித்துவைத்தது. பற்களுக்கு நடுவே வைக்க உதவும்.

பின்கதவு பாதி திறந்திருந்தது. பெரீம்மா அதை ஒருக்களித்துச் சாத்தி, பால் பாத்திரம் வைக்கும் கல்லின் மேல் மருமகளை உட்காரவைத்தார். தான் கதவுநிலையைப் பிடித்தபடி, நாள்தோறும் பால்காரரோடு சண்டை போடும் அதே இடத்தில் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

வந்தது பால்காரரைத் திட்டும் குரல்தான். அவரிடம் வேறு தமிழ் மிச்சமில்லை.

"ஏண்டி! இன்னாடி நெனச்சிக்கினு கீற? தல நோவுதா இல்லியா? எத்தினி தபா கேக்கறது? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு கீற? சொல்லித் தொலையேன்!"

அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். முக்காடு நழுவியது. முகத்தில் முதலில் பயம். அப்புறம், நான் சற்றும் எதிர்பாராதபடி, சிரிப்பு. அடக்க முடியாத சின்னச் சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"நோவுது மாமி" என்றாள். "முந்தாநாளுலேந்து நோவுது. பொடதியில யாரோ இடிக்கிற மாதிரி. கண்ணுக்கு முன்னால ஊசி ஊசியா மின்னுது. காலையில ஓதுறதுக்குக் கிதாபைத் தொறந்தேன், பாதி வரி தெரியவே இல்ல. நெஞ்சுக்குழியும் வலிக்குது."

பெரீம்மா கதவுநிலையை விடவில்லை. "வலி இல்லியேன்னு காலைல கேட்டப்ப ஜீன்னியே?"

"மாமி கேட்டா வேற என்ன சொல்றது?"

"உருதுல நைன்னு, இல்லன்னு, சொல்லத் தெரியாதா? இதுகூடவா கத்துக்கல?"

"தெரியும் மாமி. ஆனா உங்கள்ட்ட எப்படி அப்படிச் சொல்றது? எங்க வூட்லயும் மாமியார்ட்ட இல்லன்னு சொல்ல மாட்டாங்க."

பெரீம்மா கதவுநிலையை விட்டார். அந்தக் கல்லில், மருமகளின் பக்கத்தில், மெல்ல உட்கார்ந்தார். அந்த வீட்டு எஜமானி அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நழுவிய முக்காட்டை எடுத்து அவள் தலையில் போட்டார்.

"நானும் இந்தக் கதவாண்ட ஒக்காந்து பேசினவதான்டி" என்றார். "எங்க ஆயி ஊட்ல உருதே கெடையாது. கண்ணாலம் ஆயி வந்து மூணு மாசம், தண்ணி எடுத்தாற கெழவிதான் எனக்குப் பேச்சுத் தொண. எங்க மாமியா பாத்துட்டு இந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டுடுச்சி. நாத்தனாருங்க சிரிப்பாங்க. தமிழ்க்காரி, தோல் கழுவ வந்தவன்னு. நான் பட்டது போதும், நீ சீக்கிரம் கத்துக்கினா ஒன்ன யாரும் சிரிக்க மாட்டாங்கன்னுதான்..."

அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. "பெரீம்மா, இப்பவே வேலூர்" என்றேன், தமிழில்.

அவர் தலையாட்டினார். "அவன் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்க வேணாம். கெளம்பு."

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. வீட்டு மோட்டார் மகனோடு சென்னையில். நான் ஜட்காக்காரரைக் கூப்பிட்டு, பஜாரில் வாடகை மோட்டார் எது நின்றாலும் அழைத்துவரச் சொன்னேன்.

"டிரைவருக்கு இன்னா சொல்றது?"

"ஒரு உயிர்னு சொல்லுங்க."

"ரெண்டும்மா" என்று சொல்லிவிட்டுக் குதிரையின் மேல் குனிந்தார். அன்று அது எந்த பாஷையையும் எதிர்பார்க்காமலே ஓடியது.

மோட்டாரின் ஜன்னல்களில் படுக்கை விரிப்புகளைக் கட்டினோம். பர்தாவுக்காகப் பெரீம்மா கட்டச்சொன்னார். வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக நானும் அதையே விரும்பினேன். மருமகளின் தலை பெரீம்மாவின் மடியில், கால் என் மடியில். மரக்கரண்டியில் துணி சுற்றிக் கையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் கண்ணிமையைப் பார்த்தேன். பெரீம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன். அரபி. அந்த பாஷையில் அவருக்கு யாரிடமும் கூச்சமில்லை.

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் தோல் ஏற்றிய மாட்டுவண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவர் ஹாரனை அடிக்கப்போனார். சத்தம் கூடாது என்று அவர் தோளைப் பிடித்தேன். ஹாரனும் இல்லாமல், கத்தவும் முடியாமல், வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கும்வரை காத்திருந்தோம். அன்றைய நாளிலேயே நீளமான நேரம் அதுதான். விரிப்பு இடுக்கில் பாலாற்று மணல் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பெண் கண்ணை மூடியபடியே, "மாமி, இன்னும் தூரமா?" என்றாள்.

"தோ, வந்துடுச்சி" என்றார் பெரீம்மா. வந்திருக்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் தூக்குப் படுக்கையில் அவளை ஏற்றினோம். டாக்டரம்மா வெள்ளைக்காரப் பெண்மணி. தமிழை ஆசிரியர் வைத்து முறையாகக் கற்றவர். அவளருகே குனிந்து, "மகளே, உமக்குச் சிரசில் நோவு உண்டோ?" என்று கேட்டார்.

பெரீம்மா என் முழங்கையை இடித்தார். "இன்னா கேக்கறாங்க இவங்க?"

நான் அவருக்குப் பதில் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் நடந்ததை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன்: வீக்கம், வெளுப்பு, முந்தாநாளிலிருந்து தலைவலி, இன்று காலை பார்வை. பார்வை என்ற சொல்லோடு என் பேச்சு நின்றது. அவள் முகத்தின் ஒரு பக்கம் துடித்தது. அப்புறம் உடம்பு முழுவதும் விறைத்து வில்லாகியது. மரக்கரண்டியைப் பற்களுக்கு நடுவே வைத்துவிட்டேன். டாக்டரம்மா ஊசி கேட்டார். அதை இங்கிலீஷில் கேட்டாரா தமிழில் கேட்டாரா என்று எனக்கு நினைவில்லை. கேட்டது கைக்கு வந்தது.

ஜன்னி ஒரே ஒரு முறைதான் வந்தது. அது வந்தபோது அவளைச் சுற்றி மருந்தும், தெரிந்த கைகளும் இருந்தன. மசூதித் தெருவின் உள்ளறையில் வந்திருந்தால் பாலும் கஞ்சியும்தான் இருந்திருக்கும்.

மாலையில் அவளை இருட்டாக்கிய தனி அறையில் படுக்கவைத்தார்கள். தூங்கவைக்க மார்பியா கொடுத்திருந்தது. மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். குழந்தையின் நெஞ்சு வேகமாக, ஆனால் ஒழுங்காக அடித்தது. பெரீம்மாவையும் கேட்கச் சொன்னேன். அவர் காதை வைத்துக் குனிந்து, எழுந்திருக்கவே இல்லை. நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

டாக்டரம்மாவின் உத்தரவு கடுமையானது. விடியும்வரை விளக்கு கூடாது. செருப்புச் சத்தம் கூடாது. யாரும் எந்த பாஷையிலும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. சின்ன ஓசைகூட இன்னொரு ஜன்னியை இழுத்துவரலாம். பெரீம்மா கேட்டுக்கொண்டார். இத்தனை மாதம் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் பேசிவிட வேண்டும் என்பது போல அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. சாவிக்கொத்து குலுங்கக்கூடாது என்று அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையின் அடியில், லைசால் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பையின் வரிசை மாறிய நாள் அது ஒன்றுதான். பிறகு வராந்தாவில் பாயை விரித்துப் படுத்தேன்.

குழந்தை அடுத்த வாரம் பிறந்தது, பெண், சிறியதாக. அது வேறொரு நாளின் குறிப்பு.

அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. நோயாளி விழித்ததும் முதல் வேலை கேள்விகளைக் கேட்பது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வெளிச்சம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு அறைக்குள் போனேன். பெரீம்மா எனக்கு முன்பே கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் கண் திறந்திருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, தானே, பால்காரரைத் திட்டும் குரலைப் பாதியாகக் குறைத்துக் கேட்டார்.

"தல நோவுதாடி?"

அவள் சற்று யோசித்தாள். "இல்ல மாமி."

"கண்ணுல மின்னுதா?"

"இல்ல."

"கஞ்சி குடிக்கிறியா?"

"வேணாம்."

"இன்னாது, வேணாமா? குட்றி!" என்று சொல்லிக்கொண்டே பெரீம்மா டம்ளரை எடுக்க எழுந்தார்.